எண் ஒன்றை அழுத்தவும்

இணையதளம் வடிவமைத்துத் தரும் அந்த நிறுவனம் தொடக்கத்தில் ஒரு சாவிக்கடையின் மாடியில் இருந்தது. நிறுவனம் என்பது பெயர்ப்பலகையில் எழுதிய சொல். உள்ளே இருந்தவர்கள் அக்காவும் அவள் தம்பியும்தாம். இருவருக்கும் பொதுவாக ஒரு மேசை, அதன்மீது ஒரு தொலைபேசி. அக்கா வாடிக்கையாளர்களிடம் பேசிப் பக்கங்களை வடிவமைப்பாள். தம்பி நிரல் எழுதி அவற்றை இயங்கவைப்பான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தளம் உருவாகும் நாட்களில் 'எங்களை அழையுங்கள்' என்ற பொத்தானுக்குப் பின்னால் ஏதாவதொரு எண் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளரின் எண்ணைப் போட்டால், சோதனைக்காக அழுத்தும்போதெல்லாம் அவருக்குத் தொல்லை. ஆகவே தங்கள் அலுவலக எண்ணையே போட்டுவைப்பார்கள். வேலை முடிந்தபின் அதை எடுத்துவிட்டுச் சரியான எண்ணைப் போடுவது தம்பியின் பொறுப்பு. தளம் திறக்கும் நாளில் அக்கா தன் கைப்பேசியில் அந்தப் பொத்தானை அழுத்துவாள். மேசைத் தொலைபேசி மணி அடித்தால் எண் மாறவில்லை என்று பொருள்.

"உன் மறதி கூப்பிடுதுடா, எடுத்துப் பேசு" என்பாள். தம்பி அசடு வழிந்துகொண்டே எண்ணை மாற்றுவான். எங்கும் எழுதிவைக்காத அந்தச் சோதனை ஒருமுறையும் தவறியதில்லை.

நிறுவனம் வளர்ந்தது. சாவிக்கடை மாடி போதாமல், கண்ணாடித் தடுப்புகள் கொண்ட விசாலமான அலுவலகத்துக்கு மாறினார்கள். பணியாளர்கள் சேர்ந்தார்கள். அவர்களுள் ஓவியர் ஒருவரை, அவருடைய நிதானத்தைப் பார்த்து, எல்லாரும் கேலியாகப் 'புயல்' என்று அழைத்தார்கள். தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை என்று எல்லாரும் முறையிடவே, பதிவுக் குரல் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். மணி அடிப்பதற்கு முன்பே அது பேசத் தொடங்கிவிடும்; அழைத்தவர் சொல்வதைப் பதிந்தும் வைக்கும். குரல் அக்காவுடையது, பதிவு செய்தவன் தம்பி.

"இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி பேசுக்கா. துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரி இருக்கு."

"இதுக்கு மேல சிரிச்சா பல்லுதான்டா தெரியும்."

"போன்ல பல்லு தெரியாது. தைரியமா சிரி."

அவள் சிரித்தாள். 'வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. புதிய தளம் அமைக்க எண் ஒன்றை அழுத்தவும். மற்றவற்றுக்கு எண் இரண்டை அழுத்தவும்.' இனிய குரல் என்று கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

குருவி ஒன்று தன் கூட்டை மேன்மேலும் சிறப்பாக்கிக்கொண்டே போனதாம். காற்று புகாதிருக்கச் சுவரைத் தடிப்பாக்கியது. மழை புகாதிருக்க வாசலைச் சுருக்கியது. காட்டுப் பறவைகள் எல்லாம் வந்து வியந்தன. குஞ்சு அழுதது மட்டும் வெளியே கேட்கவில்லை. குருவிக்குப் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அது கூட்டைக் கட்டியதே குஞ்சுக்காகத்தான்.

அந்த ஆண்டில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வைத்திருந்த ஒருவர் அவர்களைத் தேடி வந்தார்.

"பெருசா ஒரே ஒரு பொத்தான் வைங்கம்மா, போதும். எங்களைக் கூப்பிடறவங்களுக்குக் கை நடுங்கும். தேட வைக்கக் கூடாது."

அந்தச் சொல் அக்காவின் மனத்தில் தங்கிவிட்டது. சிவப்பு நிறத்தில், நடுங்கும் விரலுக்கும் தப்பாத அளவில், அந்தப் பொத்தானைத் தானே வரைந்தாள். தளம் திறந்த நாளில் வழக்கம்போல் அதை அழுத்தவும் செய்தாள். மேசைத் தொலைபேசி அமைதியாக இருந்தது. எண் மாறிவிட்டது என்று நிம்மதியடைந்து, கைப்பேசியைக் காதில் வைத்துப் பார்க்காமலேயே அழைப்பைத் துண்டித்தாள். பதிவுக் குரல் வந்தபின் மேசையில் மணியே அடிக்காது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தம்பியோ அன்று வேறொரு தளத்தின் அவசரத்தில் எண்ணை மாற்ற மறந்திருந்தான்.

மறுநாள் காலை, பதிவாகியிருந்த செய்திகளை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். விலை விசாரிப்பு ஒன்று, விளம்பரம் ஒன்று. அடுத்து ஓர் ஆணின் குரல் மூச்சிரைத்தது.

"ஹலோ... ஆம்புலன்ஸா? ஒன்னை அழுத்திட்டேங்க. அம்மா கீழ விழுந்துட்டாங்க, வாய் கோணுது... யாராவது பேசுங்களேன்... ஹலோ?"

பிறகு அம்மாவை அழைக்கும் ஓசை. அதன்பின் ஒன்றுமில்லை.

தம்பி ஓடிப்போய் எண்ணை மாற்றினான். திரும்பி வந்து அக்காவின் எதிரே நின்றான்.

"நான்தான்கா மாத்தலை."

"மணி அடிக்கலைன்னு நான்தானேடா நிம்மதியா உக்காந்திருந்தேன்."

அந்த மனிதரின் எண்ணை அழைத்தாள். அவர் விட்டுப்போயிருந்த கைப்பேசியை ஒரு பெண் எடுத்து, தான் பக்கத்து வீட்டுக்காரி என்றும், தாயும் மகனும் மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்றும் சொல்லி, அது எந்த மருத்துவமனை என்பதையும் தெரிவித்தாள். அக்கா கைப்பையை எடுத்தாள். தம்பி கதவருகே நின்றான்.

"அவருக்கு நாம யாருன்னே தெரியாதுக்கா. ராங் நம்பர்னு நினைச்சிருப்பாரு. நீயா போய்ச் சொன்னா, ஊரே பேசும். இவ்வளவு நாள் கட்டினது அத்தனையும் போயிடும்."

அவன் பின்னால் பணியாளர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்களுடைய பிழைப்பும் அந்தக் கதவருகேதான் நின்றது. புயல் மட்டும் வாய் திறந்தார்.

"வழி விடு தம்பி. லேட்டாக்கறதுக்கு இங்க நான் ஒருத்தன் போதாதா?"

தம்பி விலகினான்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், ஒரு கதவுக்கு வெளியே, ஒரு மனிதர் செருப்பில்லாத கால்களோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் அணியும் மூக்குக்கண்ணாடி ஒன்று அவர் கையில் இருந்தது.

"வணக்கம்" என்றாள் அக்கா.

அவர் தலை நிமிர்ந்தது. யோசிக்கும் பாவனையே இல்லை.

"நீங்கதான். நீங்கதானே ஒன்னை அழுத்தச் சொன்னீங்க?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"அழுத்தினேன். ரெண்டையும் அழுத்தினேன். அங்க அம்மா கையைக் கையை ஆட்டுறாங்க, இங்க நீங்க சிரிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கீங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு சரக்கு வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வந்தார்."

"அம்மா...?"

"உசுருக்கு ஆபத்தில்லை. சொல்றது எல்லாம் புரியுது, பேச்சுதான் வரலை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சோதனை எண், அடிக்காத மணி, தன் நிம்மதி. தம்பியின் மறதியை மட்டும் சொல்லவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"என்ன செய்யணும்னாலும் செய்யறேங்க. என் நம்பர்..."

"உங்க நம்பர் எனக்கு மறக்குமா? போங்க. உள்ள அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்குது. உங்க குரல் இங்க வேண்டாம்."

அங்கிருந்து அவள் நேரே ஆம்புலன்ஸ்காரரிடம் போனாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "கை நடுங்கும்னு சொன்னேனேம்மா" என்றார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தளத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். செய்தி பரவியது. வேறு சிலரும் விலகினார்கள். பணியாளர்களில் பலர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புகளை விட்டுவிட்டு மீண்டும் ஒரு சிறிய அறைக்கு வந்தபோது தம்பியும் புயலும் மட்டுமே உடனிருந்தார்கள். பதிவுக் குரலைத் தம்பியே அழித்தான். தொலைபேசி பழையபடி மேசை நடுவே அடித்தது; ஒவ்வொரு முறையும் அக்கா எடுத்தாள். தளம் திறக்கும் நாட்களில் பொத்தானை அழுத்திவிட்டு, மறுமுனையில் உரியவர் பேசும்வரை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கமாட்டாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பாதியில் அறுந்த ஓர் ஒலி. மறுபடியும் மூச்சு. தம்பி நிமிர்ந்து பார்த்து, "ராங் நம்பரா?" என்றான். அவள் கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

கருவி கைமாறும் சத்தம். அந்த மகனின் குரல், விசாரிப்பும் இல்லாமல் கனிவும் இல்லாமல், நேராகப் பேசியது.

"அம்மாவைப் போன்ல பேசிப் பழகச் சொல்லியிருக்கார் டாக்டர். யாரைக் கூப்பிட்டாலும் கொஞ்ச நேரத்துல வெச்சிடறாங்க, சொந்தக்காரங்களும் அப்படித்தான். நீங்க வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேங்க."

கருவி மீண்டும் கைமாறியது. "அவசரப்படாம சொல்லும்மா. அவங்க கேப்பாங்க" என்று அவர் சொல்வது தொலைவில் கேட்டது.

புயல் எழுந்து, மழைச் சத்தம் உள்ளே வராதபடி சன்னலைச் சாத்தினார். அக்கா கருவியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். முதல் எழுத்து வந்தது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து வந்தது. அந்த அம்மாள் என்ன சொல்ல வருகிறார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அது திட்டாகவும் இருக்கலாம். அவள் காத்திருந்தாள்.