விறாந்தைத் தண்ணீர்

கிட்ட வந்து இருங்கள் மக்களே, பாயை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு புது வீட்டையும், அந்த வீட்டில் ஒருநாள் ஊற்றிய தண்ணீரையும் பற்றிச் சொல்லப்போகிறேன்.

இறந்துபோன அத்தாஉல்லாவைக் குளிப்பாட்டுவதற்காகப் பின் விறாந்தையைச் சுற்றிச் சேலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில், யாசீன் ஓதும் பெண்களுக்கு நடுவில் இருந்த அவர் மனைவி ஜுனைதாவின் கண், வேண்டாம் வேண்டாமென்றாலும் சுவரில் தொங்கிய கலண்டருக்கே போனது. இன்றைய திகதியைச் சுற்றி அத்தாஉல்லா பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, நுரைச்சோலைப் பக்கம் ஓலைக் கொட்டிலில் இருபத்து மூன்று வருடம் கிடந்தபின் எழும்பிய கல்வீடு இது. கட்டிக் கொடுத்தவர் அதே ஊர்க்கார மேசன், மர்ஸூக் பாஸ். ஒரு வருடத்துக்குள் பிழை கண்டால், கட்டட வேலை மேற்பார்க்கும் ஓவசியர் முன்னிலையில் பார்த்துத் திருத்தித் தருவதாகக் கையெழுத்து வைத்திருந்தார். அந்த வருடம் இன்றோடு முடிகிறது. பாஸோ ஒரு மாதமாக, "தலவிலக் கோயில் திருநாள் வேலை முடியட்டும் காக்கா" என்று போனிலேயே நாளைக் கடத்தினார். கடைசியில் அத்தாஉல்லா ஓவசியரைப் பிடித்து, இன்று பத்து மணிக்கென்று இருவரிடமும் சொல் வாங்கிவிட்டார்.

இன்று விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

நேற்று மாலை, கழிவுநீர்க் கானுக்கு ஓடுகிறதா என்று பார்க்க, விறாந்தையில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தார்.

"ஜுனைதா, ஒருக்கா வந்து பாரு. கானுக்குப் போகாம அறைக்குள்ள போகுது."

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "தண்ணியையும் வந்து பாக்கணுமா? போங்க அங்கால."

"அந்தக் காலம் எங்கள வெளிய போகச் சொன்னாங்க, போனம். இந்தத் தண்ணி சொல்லுக் கேக்குதில்ல புள்ள," என்று சிரித்தார். பிறகும் இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் எழும்பவில்லை.

இன்று பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜன்னல் சீலை இடுக்கால் பார்த்தாள். ஓவசியர் முத்தலிபு ஃபைலோடு இறங்கினார். முற்றத்துக் கதிரைகளையும் ஆட்களையும் கண்டு கொஞ்சம் நின்றார். ஃபைலைச் சைக்கிள் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கிணற்றடியில் மர்ஸூக் பாஸ், சாரத்தை மடித்துக் கட்டியபடி மையத்துக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். இருவரும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள்.

எந்த வாயால் கேட்பது? புருஷன் பலகையில் கிடக்க நிலத்துக் கதை கதைத்தவள் என்று ஊர் சொல்லும். கேட்காமல் விட்டால், மாரிக்கு இன்னும் ஆறு கிழமைதான். போன மாரி பெய்யாமல் போனது; இந்த முறை விறாந்தையில் அடிக்கிற மழையெல்லாம் இந்த அறைக்குள் வரும். நாலு மாதம் பத்து நாள் அவள் வெளியே போகாமல் இத்தா இருக்கப்போவதும் இதே அறையில்தான்.

வெளியே வாளிகள் சரியும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவுச் சீலையின் கீழால் தண்ணீர் உள்ளே வந்தது. கற்பூரம் மணத்தது. இலந்தை இலையொன்று கூடவே மிதந்து வந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. கதவோரம் இருந்த பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார்கள். அத்தாஉல்லாவின் கூடப்பிறந்த ராத்தா நஃபீஸா துணியோடு குனிந்தாள்.

"துடைக்காதீங்க மச்சி."

"என்ன புள்ள நீ, மையத்துத் தண்ணி. ஆக்கள் மிதிச்சிருவாங்க."

"மிதிக்காம நிப்பம். வுடுங்க."

"ஒனக்கு ஏலாம இருக்கு. இரி, ஒரு மொடக்குத் தேத்தண்ணி குடி."

ஜுனைதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"நேத்து மூணு தரம் கூப்பிட்டார் மச்சி. நான் எழும்பிப் போகல்ல."

நஃபீஸா துணியைக் கீழே வைத்தாள்.

சீலைக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்க வேண்டும். "கானுக்குப் போகுதில்லையே," என்றார் யாரோ. காலி வாளியொன்று நிலத்தில் வைக்கப்பட்டது. பிறகு மர்ஸூக் பாஸின் குரல், கம்மிப்போய்:

"ஓவசியர், ஒருக்கா இஞ்சால வாங்க."

"இப்பவா பாஸ்?"

"ஓம். காய முந்தி."

சீலையின் கீழ்நுனி ஒரு சாண் உயர்ந்தது. பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. நகக்கண்ணில் சீமெந்து, விரலில் தட்டைப் பென்சில். தண்ணீர் நின்ற இடத்தைச் சுற்றி, காய்ந்த நிலத்தில் மெல்லக் கோடு இழுத்தது. பென்சில் இரண்டு இடத்தில் நின்று, திரும்பவும் நகர்ந்தது. கோட்டுக்கு வெளியே இன்றைய திகதியை எழுதிக் கையெழுத்து வைத்தது. மணிக்கூடு கட்டிய இன்னொரு கை வந்து பக்கத்தில் தன் கையெழுத்தையும் வைத்தது. சீலை விழுந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தோளில் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கை வழியே பள்ளிப் பக்கம் தேய்ந்துபோனது.

பெண்கள் பாய்களைத் திரும்ப விரித்தார்கள். தண்ணீர் காய்ந்திருந்தது. ஜுனைதா தன் பாயின் ஓரத்தைப் பிடித்து, கோட்டில் படாமல் ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உங்கள் வீடுகளில் ஊற்றுகிற தண்ணீர் போகவேண்டிய பக்கம் போகட்டும் மக்களே. வந்து பார் என்று கூப்பிடுகிற குரலும், எழும்பிப்போய்ப் பார்க்கிற காலும் அங்கே நெடுங்காலம் இருக்கட்டும்.