ஓரத்துப் பென்சில்

சனிக்கிழமை காலையில் ஸ்கேன் அக்கா டேப்லெட்டைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து நிறுத்தி, மூன்று ஆப்களையும் ஒவ்வொன்றாக விசாரணைக்குக் கூப்பிட்டாள். மூன்றும் செய்வது ஒரே வேலைதான். வேதாகமப் பக்கத்தைத் திரையில் விரித்துக்காட்டும். அதன் ஓரத்தில் எழுதவும் வரையவும் விடும். டேப்லெட்டை அனுப்பியவள் வெளியூரில் வேலை பார்க்கும் மகள். "மூணையும் போட்டுப் பாரும்மா. அப்பாவுக்கு எது ஒத்துவருதோ அதை மட்டும் வச்சுக்கலாம். இலவசக் கெடு முடியறதுக்குள்ள சொல்லிடு" என்று கட்டளையும் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் பழைய நோயாளிகளின் ஃபைல்களை மெஷினில் விட்டுப் படமாக்குவதுதான் அக்காவின் வேலை. பட்டப்பெயர் அதனால் வந்தது. டாக்டர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓயாத வாய் அவருக்கு. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்றபடி கதை சொல்லியே அழுகையை நிறுத்திவிடுவார் என்று பெயர் எடுத்தவர். பக்கவாதம் வந்தது. வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. இப்போது மிச்சமிருப்பது இடது கை, தலையாட்டல், "ம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஆனால் அவருடைய வேதாகமம் இருந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பக்கம் படித்து, காதில் செருகியிருக்கும் துண்டுப் பென்சிலை எடுத்து ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதுவார். பேனாவைத் தொடமாட்டார். "மை கடவுளோட வார்த்தைக்கு. மனுஷன் எழுதறது அழிக்கிற மாதிரிதான் இருக்கணும்" என்பார். அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் அக்கா அந்த ஓரங்களைப் படிக்க ஆரம்பித்தாள். நீதிமொழிகளில், சண்டைக்காரப் பெண்டாட்டியைப் பற்றி வரும் இடத்துக்குப் பக்கத்தில், "இல்லை. இன்று தப்பு என்னுடையது" என்று இருந்தது. அதற்குக் கீழே வேறொரு நாளில் எழுதிய "இன்றும் என்னுடையதே." கல்யாணமான நாளிலிருந்து ஒருநாளும் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ளாத மனுஷன்! அக்கா அன்றைக்கு அடுப்பில் வைத்ததை மறந்து, தீயவிட்டு, நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வீட்டில் அவருடைய குரல் இனி அந்த ஓரங்களில் மட்டும்தான். புத்தகமோ தையல் விட்டு இதழ் இதழாகக் கழன்றுகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் அவரால் தூக்கவும் முடியவில்லை. அதையெல்லாம் படமாக்கி, பெரிதாக்கி, அவர் விரல் எட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும், இடது கையால் அவர் இனிமேலும் எழுத வேண்டும். அக்காவுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். முந்தின நாள் மேலாளரிடம் அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தின் முதுகை வெட்டி, ஆவண அறை மெஷினிலேயே தாள் தாளாக விட்டு, படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் ஆப் ஒரு பூக்கடை. திறந்ததும் ரோஜா, பட்டாம்பூச்சி, பொன்னிற இறகு எல்லாம் திரையில் கொட்டியது. அக்கா தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு இடது கையால் எழுதிப் பார்த்தாள். உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு கோடாய்க் கிழித்தது. சரி, அது கிடக்கட்டும் என்று நீதிமொழிகள் பக்கத்தைத் திறந்தாள்.

ஓரம் வெள்ளையாக இருந்தது.

விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிய வெள்ளை. அச்சு எழுத்து முத்து முத்தாக நின்றது. பென்சில் எழுத்து ஒரு புள்ளிகூட இல்லை.

"அடப்பாவி, பூவைக் காட்டிட்டு எழுத்தைத் தின்னுடுச்சே!" என்று கத்தினாள். ஜன்னலோரத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார், கணவருடைய அக்கா, மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இந்த ஆப் திருட்டு ஆப் அண்ணி. அடுத்ததைப் பாக்கறேன்."

அடுத்தது வாய் ஓயாத ஆப். பெயர் கேட்டது, வயது கேட்டது, எத்தனை நட்சத்திரம் தருவாய் என்று கேட்டது, இன்று ஜெபித்தாயா என்றும் கேட்டது. "உன்கிட்ட ஏன்டா சொல்லணும்" என்று அதை அதட்டிவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை. மூன்றாவது ஆப் ஒன்றும் பேசவில்லை. ஒரு பேனா, ஒரு பென்சில், ஓர் அழிப்பான். இடது உள்ளங்கையை அழுத்தி வைத்தாலும் கண்டுகொள்ளவே இல்லை. இதுதான் இதுதான் என்று மனசு துள்ளியது. பக்கத்தைத் திறந்தாள். அதிலும் ஓரம் வெள்ளை.

அக்கா உடனே மகளை ஃபோனில் பிடித்தாள்.

"மூணு ஆப்பும் அப்பா எழுத்தை அழிச்சிடுச்சுடி!"

"ஆப் எப்படிம்மா அழிக்கும்? நீ குடுத்த படத்தைத்தானே அது காட்டும். ஒண்ணு பண்ணு. நான் சின்ன வயசுல காபி கொட்டி அடி வாங்கினேனே, அந்தச் சங்கீதப் பக்கத்தைத் திறந்து பாரு. கறை இருக்கா?"

அக்கா திறந்தாள். பக்கத்தின் பாதியை மூடிக் கிடந்த காபிக் கறை போன இடம் தெரியவில்லை. அச்சகத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது தாள்.

அந்தப் பளிச்சை அவளுக்குத் தெரியும். அவள் கைவேலை அது. பழைய ஃபைல்களில் டீக்கறை இருக்கும், துருப்பிடித்த பின் தடம் இருக்கும், குமாஸ்தாக்கள் பென்சிலில் கிறுக்கிய கணக்கு இருக்கும். இவையெல்லாம் விழாமல் படமெடுக்க மெஷினில் "சுத்தப் பக்கம்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. மெஷினுக்குப் பென்சிலும் ஒன்று, அழுக்கும் ஒன்று. அதை எப்போதும் போட்டே வைக்க வேண்டும் என்று மேலாளரிடம் மல்லுக்கு நின்று சாதித்தவளே அவள்தான். "ஸ்கேன் அக்கா பக்கத்துல ஒரு தூசி பாக்க முடியாது" என்று பாராட்டும் வாங்கினாள். நேற்று படமெடுத்து முடித்ததும் வழக்கம்போல் எண்ணிக்கை சரிபார்த்தாள். அக்கா பக்கத்தை எண்ணுவாள், பார்க்கமாட்டாள்.

ஆனாலும் குடி முழுகிவிடவில்லை என்று தன்னையே தட்டிக்கொடுத்தாள். தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை அந்தப் பாழாய்ப்போன ஏற்பாட்டை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் போயிற்று. அலமாரியிலிருந்து வேதாகமத்தின் ஜிப் வைத்த தோலுறையை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள். உள்ளே பழுப்புத் தாள் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட கட்டு. பிரித்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவுகள். யாரோ ஒரு நோயாளியின் சர்க்கரை அளவு, உப்பு அளவு, சிறுநீரக அளவு. கட்டு முழுக்க அதுதான்.

அக்காவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, என்னம்மா இது? யாரோட பேப்பர் இது?"

படமெடுத்து முடித்த கட்டை அந்த நொடியே பழுப்புத் தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, வலது பக்கத்துக் கூடையில் போட வேண்டும். ஆவண அறையின் சட்டம் அது. கை தானாகச் செய்யும், மூளையைக் கேட்காது. நேற்றும் கேட்கவில்லை. வேதாகமத்தையும் சுற்றியது. கூடைக்குப் போக வேண்டியது தோலுறைக்குள் போனது, தோலுறைக்குள் வர வேண்டியது கூடைக்குப் போனது. கூடையில் விழுந்த எதுவும் கீழ்த்தளத்தில் தாளை நறுக்கித் தள்ளும் ஷ்ரெடருக்குத்தான் போகும்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அக்கா ஓடினாள். கட்டு கையில், நோயாளி ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுபோன குற்றமும் தலையில். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "ஆமா, புத்தி சரியில்லை" என்றாள்.

கீழ்த்தளத்தில் மெஷின் நின்றிருந்தது. அதை ஓட்டுகிறவர் மூட்டைகளின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து எங்க கூடை..."

"காலையிலேயே முடிச்சாச்சே அக்கா. ஏன்?"

"அதுல மெல்லிசா... ரொம்ப மெல்லிசா தாள் வச்ச ஒரு கட்டு..."

"ஆமா, இருந்துச்சு. மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருப்பாங்களே, அந்தப் பேப்பர்னு நெனச்சேன். சத்தமே இல்லாம உள்ள போச்சு." அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அது என்னக்கா?"

அவள் சொன்னாள். அவர் ஒரு மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். அக்கா முழங்கை வரை கையை விட்டு அள்ளினாள். சேமியா மாதிரி மெல்லிய நறுக்கல்கள். அச்சில் ஒரு எழுத்துகூட முழுசாக இல்லை; பென்சில் எங்கே, தாள் எங்கே என்று பிரித்தறியவும் வழியில்லை. அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஷ்ரெடர்க்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு, தானே குற்றம் செய்தவர்போல் பக்கத்தில் நின்றார்.

நோயாளியின் கட்டை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியபோது கணவர் விழித்து, மேசைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். நாத்தனார் சொல்லியிருக்கவில்லை. "நீ செஞ்சது, நீயே சொல்லு" என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு மறுபடி தையலுக்கு உட்கார்ந்தாள். எதிரில் மூன்றாவது ஆப் திறந்தபடி இருந்தது. நீதிமொழிகள், வெள்ளை ஓரம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எதையும் மறைக்கவில்லை. சுத்தப் பக்கம், பழுப்புத் தாள், கூடை, ஷ்ரெடர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கைப்பையிலிருந்து ஒரு பிடி நறுக்கலை எடுத்து மேசையில் வைத்தாள். "இவ்வளவுதாங்க மிச்சம். உங்க வாயையே நான் வெட்டிப் போட்டுட்டேங்க. என்னை என்ன வேணா பண்ணுங்க" என்றாள்.

அவர் நறுக்கலைத் தொட்டுப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் அசையாத முகம் அது. பிறகு இடது கையை நீட்டித் திரைப் பேனாவை எடுத்தார். அது நழுவி விழுந்தது. நாத்தனார் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். எத்தனையோ நிறங்கள் வரிசையாக நின்றன. அவர் அவற்றையெல்லாம் தாண்டிப்போய்ப் பென்சிலைத் தொட்டார்.

உள்ளங்கை திரையில் அழுந்தக் கிடந்தது. ஆப் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கோடு விழுந்தது, பிறகு ஒரு சுழி. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துகொண்டு, ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு வந்து நின்றது. நடுவில் இரண்டு முறை கை ஓய்ந்தது. அக்காவுக்குக் கண்ணீர் மறைத்தது, படிக்க முடியவில்லை. நாத்தனார்தான் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இன்று... தப்பு... அவளுடையது."

பிறகு அவருடைய தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. இருமலா என்று பதறி முதுகைத் தட்டப் போனாள் அக்கா. இருமல் இல்லை. மனுஷன் சிரிக்கிறார். வாயின் இடது பாதி மட்டும் மேலேறி, தோள் குலுங்க, விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரிக்கிறார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஆமாங்க" என்றாள் அக்கா, அழுகையும் சிரிப்புமாக. "என்னோடதுதான். இன்னைக்குத் தப்பு என்னோடதுதான்." கல்யாணமான நாளிலிருந்து அவளும் ஒருநாளும் வாயால் ஒப்புக்கொண்டவள் இல்லை.

அவர் "ம்" என்றார். பேனாவை அவள் பக்கம் நீட்டி, தான் எழுதியதற்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தைக் காட்டினார். வாயால் சொன்னது போதாதாம், எழுத்தில் வேண்டுமாம்.