ஆயுத பூசையில் குளித்த கைக்கடிகாரம்

1

இந்தக் கதை இலங்கை மலைநாட்டில், கொட்டகலை பஸ்ஸில் கிடைத்தது. முன் இருக்கைக்காரர், "எம் பொஞ்சாதி தங்க வாட்ச்சக் குளிப்பாட்டிட்டா" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். அதற்குள் நான் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகள் பெற்ற பிறகு எழுத்துப் படித்தவன் நான். பகலெல்லாம் மண்வெட்டி பிடித்த கையில் பேனா கொஞ்சம் வழுக்கும்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைகளின் நடுவே, பொன்னொளி வீசும்..." வேண்டாம். பனியில் வேலைக்குப் போகிறவன் இப்படி எழுத மாட்டான்.

இரண்டாவது: மாயாண்டி தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. பக்கத்து நகரமான அட்டனில், நகைக்கடையில் பழைய தங்கக் கைக்கடிகாரங்களை உருக்கிவிடுவார்கள். வெளியே இருக்கும் தங்கக் கூட்டுக்குத்தான் அங்கே மதிப்பு. உள்ளே ஓடும் இயந்திரம் குப்பைக்கு. மாயாண்டிக்கு அது பொறுக்காது. தன் கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து, எடைக்கு எடை, சுவிஸ் கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தார். பிறகு இன்னும் இரண்டு சேர்ந்தன. (அவற்றுக்கு எதைக் கொடுத்தார் என்று கேட்காதீர்கள். அவர் மனைவி பேச்சியம்மாவே கேட்கவில்லை.)

3

ஆயுத பூசை. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக்கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கும் நாள். மாயாண்டி வெளியே போயிருந்தார். பேச்சியம்மா அந்தச் சுவிஸ் கடிகாரத்தையும் எடுத்தாள். தங்கம் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தாள். கூடு பளபளத்தது. கண்ணாடிக்குள் கறை படர்ந்தது.

(அவளை மக்காகக் காட்டிவிட்டேனோ? கழுவாத பொருளைச் சாமி முன்னால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.)

திரும்பி வந்த மாயாண்டி ஆத்திரத்தில் அவளை... இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கடிகாரத்தைத் திறந்து, துடைத்து, காயவைத்தார்.

4

ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரன் வந்தார். பழைய கடிகாரம் சேர்ப்பவர்களுக்காக நுவரெலியாவில் கண்காட்சி நடத்துகிறவர். தன் கடிகாரம் ஒன்று அந்தக் கண்காட்சி மேசையில் இருக்க வேண்டும் என்பது மாயாண்டியின் பல வருஷத்து ஆசை.

"அண்ணே, உள்ள தண்ணி போயிருக்கே."

"போயிருக்கு தம்பி. ஆனா ஓடுது. கறைதான் போகல."

"ஓடுனா வைக்கலாம். கறை எப்படி வந்துச்சுன்னு பக்கத்துல வைக்கிற அட்டையில எழுதிரணும். மறைச்சா எங்க ஆளுங்க சேர்த்துக்க மாட்டாங்க."

மாயாண்டி அடுப்படிப் பக்கம் பார்த்தார். பல ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள் வாசித்துச் சிரிக்கப்போகிற அட்டை.

"மழையில நனைஞ்சதுன்னு போடுவோமே."

"வாட்ச்சுக்குள்ள குளமே கட்டியிருக்கு, மழைங்கிறீங்க."

பேச்சியம்மா தேத்தண்ணியோடு வந்தாள். "மழை மேல ஏங்க பழி போடுறீங்க? நாந்தான் கழுவுனேன்னு எழுதுங்க. எம் பேரயும் முழுசாப் போடுங்க."

"அக்கா, எல்லாரும் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டுமே. இத்தன வருஷம் வெளக்கிக் கழுவுனதுக்கு எவன் எம் பேரப் போட்டான்?"

5

இதை அவள் கோபத்தில் சொன்னாளா, குறும்பாகச் சொன்னாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். கோபம் என்றால், மாயாண்டி கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார். குறும்பு என்றால், இருவரும் நல்ல துணி உடுத்தி நுவரெலியாவுக்குப் பஸ் ஏறுகிறார்கள். இரண்டிலும் தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கிறது.

மாயாண்டி பேனாவைத் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். நான் நிற்கும் இடத்திலிருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. உங்களுக்கு முகம் தெரிந்தால், அந்த அட்டையை நீங்களே எழுதிவிடுங்கள்.