வாயசைத்த மணப்பெண்

லம்பாங் நகரில் ஆற்றங்கரையோரம் கிடந்த பழைய அரிசிக் கிடங்கில் ஞாயிறு மதியங்களில் நாங்கள் படம் போடுவோம். யாரும் சீந்தாத கிறுக்குப் படங்கள்தான் எங்களுக்குப் பிடிக்கும். அதிலும் ஒரே ஒரு படத்துக்குத்தான் உட்கார இடம் கிடைக்காது.

மூடிப்போன சினிமாக் கம்பெனி ஒன்றிடமிருந்து எங்களில் ஒருவனான வீரசக் தூக்கி வந்த ஊமைச் சுருள் அது. நடித்தவர்களின் பெயர்கூட அதில் இல்லை. அந்தக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து குரல் கொடுப்பார்கள். இதற்கு வசனத் தாளும் கிடைக்கவில்லை. அதனால் வானொலி நாடகங்களில் நடித்த லம்யாய் அக்காவை அழைத்து வந்தோம். கிழவன், குழந்தை, முதலைத்தலை மந்திரவாதி என்று எல்லோருக்கும் அவரே பேசினார். வசனமும் அவர் இட்டுக்கட்டியதுதான்.

படத்தில் ஒரு மணப்பெண் ஆற்றில் இறங்குவாள். இறங்குமுன் நேராக நம்மைப் பார்த்து ஏதோ சொல்வாள். "மாமா, அடுப்புல மீன் கருகுது, ஓடிப் போய் பாரு!" என்பார் அக்கா. கிடங்கே சேர்ந்து கத்தும். அவள் மூழ்கிய பிறகு படம் வெறும் தண்ணீரையே நெடுநேரம் காட்டும். "வெளிய வாடீ!" என்று விசில் பறக்கும். அடுத்த காட்சியில் மணப்பெண் ஒரு சாண் வளர்ந்திருப்பாள். கடைசி வரை முதுகை மட்டுமே காட்டுவாள். அதற்குப் பொரியை அள்ளி வீசுவார்கள்.

ஒரு ஞாயிறு, வீரசக் தன் அத்தை புப்பாவைக் கூட்டி வந்தான். சிறு வயதில் காய்ச்சலில் காது போனவர். பேசுவார், எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். படம் முடிந்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழ, அவர் மட்டும் அசையவில்லை.

"என்ன அத்தை, பிடிக்கலையா?" என்று குனிந்து கேட்டான் வீரசக்.

"அந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டுமா சிரிக்கறீங்க?"

"மீன் கருகுதுன்னு சொன்னா சிரிக்காம என்ன பண்றது?"

"மீனா? 'எனக்கு நீச்சல் தெரியாது, எத்தனை வாட்டி சொல்லிட்டேன், யாராவது டைரக்டர்கிட்ட சொல்லுங்களேன்'னு கெஞ்சறா."

மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த லம்யாய் அக்காவின் கை நின்றது. நீளும் தண்ணீர், வளர்ந்த மணப்பெண், திரும்பாத முகம். மூழ்கியவள் மேலே வரவே இல்லை; மீதிப் படத்தில் நடித்தது வேறொருத்தி.

சுருளைப் பூட்டி வைத்துவிடலாம் என்றேன். அக்கா ஒப்பவில்லை. "இத்தனை நாளா அவ வாயை அடைச்சது நான். ஒரு தடவையாவது அவ சொன்னதை நான் சொல்லணும்."

செய்தி எப்படியோ கசிந்து, அடுத்த ஞாயிறு கூட்டம் வாசல் தாண்டி நின்றது. புப்பாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார் அக்கா. அந்த இடம் வந்தது. மணப்பெண் எங்களைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. அக்கா மைக்கை வாயருகே கொண்டுபோனபோது புப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல. இன்னிக்கு வேற சொல்றா."

"என்ன சொல்றா?"

"'என் வாயில பேசினது யாரு'ன்னு கேக்கறா."

மைக் திறந்திருந்தது. இருவர் பேச்சும் கிடங்கு முழுக்க ஒலித்தது. அக்கா எழுந்து திரைக்கு முன்னால் போனார். ஆற்று வெளிச்சம் அவர் முகத்தில் நெளிந்தது.

"நான்தான்மா," என்றார்.

கூட்டம் கைதட்டியது. புது வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் "மீன் கருகுது!" என்றான், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் படக்கருவியின் விளக்கை அணைத்தேன். அன்று மணப்பெண் ஆற்றில் இறங்கவில்லை.

அதன் பிறகு அந்தப் படத்தை நாங்கள் போடவில்லை. இன்றும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள், "அந்த ஒரு இடத்தை மட்டுமாவது காட்டேன்" என்று.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை லம்யாய் அக்காவும் புப்பாவும் புத்தர் கோயிலுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். இறந்தவளுக்குப் புண்ணியம் சேர நீர் வார்க்கும்போது துறவி பெயரைக் கேட்டார். தெரியாது என்றோம்.

"முகம் தெரியுமில்ல? அதை நினைச்சு ஊத்துங்க," என்றார் துறவி.

அக்கா கண்ணை மூடி, கிண்ணத்தில் மெல்ல ஊற்றினார். தண்ணீர் தீர்ந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டாளா?" என்று கேட்டேன்.

"எதிர்லதான் நிக்கறா," என்றார் அக்கா. "ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."