வெர்லீன் தனக்கே கொடுத்த நோட்டீஸ்

ஹாய்ட்டின் பீச் பழக் கொட்டகையில் இருபத்தொன்பது வருஷமாக ஆபீஸ் வேலை பார்ப்பவள் வெர்லீன் ட்ராம்மெல். அந்த வசந்தத்தில் ஹாய்ட் தன் அப்பா காலத்து நிறுவனத்தை மூடிவிட்டு, வேறு பெயரில் புதிதாகப் பதிவு செய்தான். உடனே எல்லோரும் புது ஆட்கள் ஆகிவிட்டார்கள் என்றார் வக்கீல். புது ஆள் யாராக இருந்தாலும், இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா என்று மூன்று நாளுக்குள் அரசாங்கக் கணினியில் சரிபார்க்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தவறினால் தொழில் உரிமத்துக்கே ஆபத்து.

வெர்லீன் ஒவ்வொருவர் பெயராகக் கணினியில் தட்டினாள். குவாத்தமாலாவிலிருந்து வந்த எலிசெயோ நொடியில் தேறினார். கடைசியாகத் தன் பெயரைத் தட்டினாள். ‘பொருந்தவில்லை’ என்றது திரை.

அவள் விதிமுறையைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஹாய்ட், நீ வெளியே போ.”

“என் ஆபீஸை விட்டா?”

“ஊழியர்கிட்ட தனியாத்தான் சொல்லணுமாம். நீ நின்னா அது தனியா?”

ஹாய்ட் வெளியே போய்க் கதவில் காதை வைத்தான். எலிசெயோவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“திருமதி ட்ராம்மெல், உங்க பேர் பொருந்தல,” என்று உள்ளே வெர்லீனின் குரல் கேட்டது. “எதிர்த்துக் கேக்குறீங்களா, விட்டுடுறீங்களா?”

உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“விட்டுட்டாங்கன்னா வேலை போயிடுமே?” என்றார் எலிசெயோ.

“வாயை மூடுய்யா,” என்றான் ஹாய்ட், காதைக் கதவில் இன்னும் அழுத்தியபடி.

“கேக்குறேன்!” என்றாள் வெர்லீன் கோபமாக. நிறுவனத்துக்காக ஒரு கையெழுத்து, ஊழியராக இன்னொன்று. இரண்டையும் அவளே போட்டாள்.

மறுநாள் அவள் கணவன் டூயி அவளை நாற்பது மைல் தள்ளி, ஊழியர்களின் பெயரையும் எண்ணையும் பதிந்துவைக்கும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு டிரக்கில் அழைத்துப் போனான். கோளாறு என்னவென்று அங்கேதான் தெரிந்தது. மறுமணம் செய்துகொண்டபோது ஓட்டுநர் உரிமத்தில் பெயரை மாற்றியவள், இங்கே மாற்ற மறந்துவிட்டாள். பதிவேட்டில் முதல் கணவன் பெயரே இருந்தது.

டூயி முகம் சிவந்துவிட்டது. “அப்போ இருபத்தாறு வருஷமா நான் அந்த லாம்பெர்ட் பொண்டாட்டியோடவா குடித்தனம் பண்றேன்?”

“கத்தாத. அவனோட நான் இருந்ததே ரெண்டு வருஷம்.”

“அது சர்க்காருக்குத் தெரியலையே!”

கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்றாள் ஜன்னலில் இருந்த பெண். டூயி மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பி ஓட்டி, சுவரில் மாட்டியிருந்ததைச் சட்டத்தோடு கழற்றி வந்து நீட்டினான்.

“டூயி ட்ராம்மெல் உங்க கணவர்தானே?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஆமா,” என்றான் டூயி.

“சார், கேள்வி உங்களுக்கு இல்ல.”

வெர்லீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தலையெல்லாம் கலைந்து, கையில் வெறும் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தான்.

“ஆமாம்மா, இவர்தான்,” என்றாள் அவள்.

நான்காம் நாள் திரை அவளை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கே முதல் பழ லோடும் கிளம்பியது.