கேட்காமல் துவைக்கக் கூடாது

படுக்கை விரிப்பின் இரண்டு முனை அண்ணியிடம், இரண்டு முனை நாத்தனாரிடம். உதறி, இழுத்து, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் இல்லத்தின் சலவை அறையில் அன்றைக்கு அது முப்பத்தொன்றாவது விரிப்பு. அண்ணிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நாத்தனாருக்குச் சலவை. குழந்தைகள் "சலவை அத்தை" என்று கூப்பிடப் போய், சமையல்காரரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்குமே அவள் அத்தையாகிவிட்டாள்.

அண்ணியின் கண் அழுக்குக் கூடைக்குப் போனது.

"அந்த நீல ஸ்வெட்டர வெளிய எடு. நேத்து வந்தவளோடது."

"குமட்டுது அண்ணி. ஒரே அடுப்புப் புகை."

"குமட்டட்டும். அவ கையோட கொண்டு வந்த வீடு அது ஒண்ணுதான். அதையும் சோப்பு போட்டுக் கரைச்சிடாத. அவளா கொண்டு வந்து கொடுப்பா, அப்ப துவை."

"காலேஜ் போற வரைக்கும் கொடுக்கலன்னா?"

"அதையே போட்டுக்கிட்டுப் போகட்டும். உனக்கென்ன, நீயா பக்கத்துல உக்காரப் போற?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அண்ணி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். காலியான இரண்டு இடங்களுக்கு ஆள் போடாததால், பத்தொன்பது நாளாக அவளுக்கு விடுமுறை இல்லை.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில், உட்கார்ந்த வாக்கிலேயே அண்ணி சரிந்தாள். ஆஸ்பத்திரி வரை அத்தைதான் மடியில் தாங்கிப் போனாள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

எட்டு நாள் கழித்து அத்தை வேலைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம் சலவை அறை வாசலில் அந்தச் சிறுமி நின்றாள். நெஞ்சோடு அணைத்திருந்த ஸ்வெட்டரை நீட்டினாள்.

"அத்தை, இத இப்ப துவைக்கலாம்."

அத்தை அதை மெஷினில் போடவில்லை. கையாலேயே அலசி, வெயில் படும் இடமாகப் பார்த்துக் காயப்போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மீட்டிங். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பயிற்சியாளர், ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்தார்.

"இந்த இல்லத்தோட விழுமியங்கள நாம எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணப் போறோம். மேலயிருந்து யாரும் திணிக்கல. ஆளுக்கு ஒரே ஒரு சொல்."

சமையல்காரர் "சுத்தம்" என்று எழுதிவிட்டு, வேலை முடிந்த தெம்பில் சாய்ந்து உட்கார்ந்தார். அத்தை எழுந்து நின்றாள்.

"கேக்காம துவைக்கக் கூடாது."

பயிற்சியாளர் சிரித்தார். "அது நடைமுறை அத்தை. நமக்கு வேண்டியது விழுமியம்."

"எங்கண்ணி வச்சிருந்தது அதுதான் சார். போன வருஷம் ஒரு புள்ளையோட துண்டக் கேக்காமத் துவைச்சுட்டேன். அவங்கம்மா துண்டு. ரெண்டு நாள் அது சோத்தத் தொடல. அன்னிக்கு அண்ணி என்னை வாங்கின வாங்கு, இப்பவும் காதுல இருக்கு."

"அருமையான அனுபவம். ஒரே சொல்லா சொல்லுங்க."

"சார், அவங்க என்ன குறுக்கெழுத்தா போடுறாங்க?" என்றார் சமையல்காரர். அறை முழுக்கச் சிரித்தது.

பயிற்சியாளர் தானே மஞ்சள் காகிதத்தை வாங்கி "மரியாதை" என்று எழுதி ஒட்டினார். இரண்டு வாரத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய போர்டு ஒன்று வரவேற்பறையில் மாட்டப்பட்டது. மரியாதை ஐந்தாவது வரியில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பையில் இரண்டு பாவாடையும், ஒரு பெரிய ஆளின் சட்டையும். சட்டை முழுக்க எஞ்சின் எண்ணெய். அண்ணியின் வேலைக்கு நாள் கூலியில் வந்திருந்த பெண், பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வந்த அன்னிக்கே எல்லாம் துவைச்சாகணுமாம் அத்தை. புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷனாம்."

அத்தை பையோடு குழந்தையிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"இதுல எதெல்லாம் துவைக்கலாம், தங்கம்?"

குழந்தை பாவாடைகளை எடுத்துக் கொடுத்தது. சட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது.

"சரி, அது உங்கிட்டயே இருக்கட்டும்" என்று அத்தை எழுந்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"ஒரு சட்டை மட்டும் துவைக்கல மேடம். அவ சொல்ற அன்னிக்குத் துவைப்பேன்."

"விதி தெரியும்ல அத்தை? கறை கறையா இருக்கு. வர்றவங்க பார்த்தா என்ன சொல்வாங்க?"

"என்னைக் கூப்பிடுங்க. நான் பதில் சொல்றேன்."

"எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

"எனக்கும்தான்" என்றாள் அத்தை.

புதன்கிழமை மாலை மெமோ வந்தது. மேனேஜர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். குற்றம் என்ற இடத்தில், 'இல்லத்தின் விழுமியங்களுக்கு மாறாக நடந்துகொண்டது' என்று டைப் அடித்திருந்தது.

"பேனா கொடுங்க மேடம்."

நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு மடித்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கட்டில் கட்டிலாக விரித்து வந்தாள். கடைசிக் கட்டிலில் அந்தக் குழந்தை ஒருக்களித்துப் படுத்திருந்தது. தலையணைக்கு அந்தச் சட்டையையே உறையாக மாட்டி, பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தது. எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.