சாவி பிடித்த கை

கோயம்புத்தூருக்கு நிச்சயப் புடவை எடுக்கக் கிளம்பிய காலையிலும் நாச்சியம்மாளுக்கும் மகளுக்கும் சண்டைதான். கத்தல், அழுகை எதுவும் கிடையாது. மகள் ஒரு கேள்வி கேட்பாள், அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். ஒரு மாதமாக அவர்கள் வீட்டில் சண்டை என்றால் இவ்வளவுதான்.

"சொல்லிப்போடலாம்மா" என்றாள் கோகிலவாணி.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்த ஊட்டுக்குப் போயி நான் ஒரு நாளைக்கு விழுந்தேன்னா, அவங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியுமா? கையில சாவியக் குடுப்பாங்க. நாலு பேரு மேல ஏறி அமுக்குவாங்க."

"மூணு வருசமா உழுகலியே. அங்க போயி எதுக்கு உழுகறே?"

"மாத்திரை போடறதால உழுகலை. அத அங்க எங்க வெக்கறது? இங்க மாதிரியே ஹார்லிக்ஸ் பாட்டில்லயா?"

நாச்சியம்மாள் குண்டாவை மேடைமேல் வைத்தாள். சத்தம் கொஞ்சம் அதிகம்தான்.

கோகிலவாணிக்குப் பதினேழு வயதில் வலிப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மோட்டார் ரூம் வாசலில் விழுந்தாள். ஓடிவந்த சனம் இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டு திரிந்தது. பிறகு கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் நாச்சியம்மாளை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, பிடித்து அமுக்காதே, கடிகாரத்தைப் பார். "சாவி குடுத்து வலிப்பு நிக்கும்னா நான் எதுக்கும்மா இத்தனை வருசம் படிச்சேன்? டவுன்ஹால்ல சாவிக்கடை வெச்சிருப்பேனே" என்றார். மாத்திரையை விடாமல் போட்டால் கல்யாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம் என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்னார். ஆனால் டாக்டர் வீட்டிலிருந்து யாரும் பெண் கேட்டு வரவில்லை. போன வருசம் வந்த ஒரு சம்பந்தம், யாரோ எதையோ காதில் போட, வந்த வழியே ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனது. அதற்குப் பிறகுதான் மாத்திரை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போனது. பாட்டில் பருப்பு டின்னுக்குப் பின்னால் போனது.

இப்போது வந்திருப்பது நல்ல இடம். பையன் சுரேந்தருக்குக் கணபதியில் மோட்டார் பம்பு பட்டறை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தில் இரு வீட்டாரும் உப்புச்சர்க்கரை மாற்றிவிட்டால் பேச்சு உறுதி. அதன் பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது. இன்னும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நாச்சியம்மாள் கணக்குப் போட்டிருந்தாள்.

எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டு அம்பாசிடர் வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா நஞ்சுண்டனே ஓட்டி வந்திருந்தார். வண்டிச் சாவியை வேறு ஆளிடம் கொடுக்காத மனிதர். பின்னால் அவர் மனைவி மயிலாத்தாள், புதுக் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நாச்சியம்மாளின் கணவர் தம்பிதுரை முன்னால் ஏறிக்கொண்டார். கோகிலவாணி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

"வாங்க சம்பந்தி" என்று நகர்ந்து இடம் விட்டாள் மயிலாத்தாள்.

"இன்னும் உப்புச்சர்க்கரையே மாத்தலீங்க. அதுக்குள்ள சம்பந்தியாக்கும்?"

"புடவை எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க பேரம் பேசுவீங்க போல இருக்குதே" என்று மயிலாத்தாள் சிரித்தாள்.

கிணத்துக்கடவு தாண்டுவதற்கு முன் ஒரு டீக்கடை ஓரத்தில் கூட்டம். முட்டை அட்டைகளைக் கட்டிய சைக்கிள் ஒன்று தார் ரோட்டில் சாய்ந்து கிடந்தது. மஞ்சள் கரு வெயிலில் பளபளவென்று ஓடியது. நஞ்சுண்டன் வண்டியை ஓரம் கட்டி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

"லாரி அடிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க, தானா உழுந்துட்டாரு. காக்கா வலிப்பு" என்றான் டீக்கடைக்காரன்.

நாற்பது வயது ஆள். தொப்பி தெறித்து ஒரு பக்கம் கிடந்தது. கை கால் வெட்டிவெட்டி இழுத்தது. நெற்றியோரம் வெடித்து ரத்தம். ஒருவன் காலைப் பிடித்திருந்தான். இன்னொருவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தான். "இரும்பு, இரும்பு" என்று யாரோ கத்தினார்கள். நஞ்சுண்டன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அம்பாசிடர் சாவியை அந்த ஆளின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கை இறுக மூடிக்கொண்டது.

"நல்லாப் புடிச்சுக்க சாமி. இப்பத் தெளிஞ்சுரும்" என்றார் அன்போடு. பிறகு டீக்கடைக்காரனைப் பார்த்து, "ஒரு கரண்டி கொண்டாப்பா, பல்லுக்கு நடுவுல குடுக்கலாம்" என்றார்.

நாச்சியம்மாள் காருக்குள்ளேயே இருந்தாள். இறங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். யாரோ ஒருத்தர். கூட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள். மூன்று நாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மல்லாக்கக் கிடந்தவனின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. கடைவாயில் நுரை. நெஞ்சுமேல் ஒருவன் முழங்கால். அவளுடைய சம்பந்தி கரண்டியை வாங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

காலையில் மகள் சொன்னது ஒன்று விடாமல் எதிரே நடந்தது. ஆள்தான் வேறு.

கதவைத் திறந்து இறங்கினாள்.

"காலை எடுங்க" என்றாள் நெஞ்சில் ஊன்றியிருந்தவனிடம். அவன் நிமிர்ந்து பார்த்தான். "எடுன்னு சொல்றனல்லோ! மூச்சு முட்டிச் செத்துப்போவாரு." அவன் எடுத்துவிட்டான். நஞ்சுண்டன் பக்கம் திரும்பினாள். "ஏனுங், கரண்டிய அக்கட்டால வீசுங்க. பல்லு ஒடஞ்சு தொண்டையில போயிரும். எல்லாரும் சித்த தள்ளி நில்லுங்க."

சைக்கிள் சீட்டில் சுற்றியிருந்த துண்டை விழுந்தவன் தலைக்கடியில் கொடுத்தாள். தோளிலும் இடுப்பிலும் கை வைத்து ஒரே புரட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நுரை வெளியே வழிந்தது. சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள்.

"மணி பாருங்க" என்றாள் திரும்பாமல். காரிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்ற மயிலாத்தாள் வாட்ச்சைப் பார்த்தாள்.

"ஒம்போது இருவது."

"அஞ்சு நிமிசத்துக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கோணும். இல்லீன்னா அதுவா நிக்கும்."

"இப்பவே தூக்கிப்போட்டுட்டுப் போயிரலாமே" என்றார் நஞ்சுண்டன். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூடிய கையைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தார். அது கல்லாக இருந்தது.

"பிரிக்காதீங்க, விரலு முறியும்" என்றாள் நாச்சியம்மாள்.

"வண்டி எப்படிங்க எடுக்கறது?"

"வண்டி அவருகிட்ட இருக்குதுங்க. அவரா குடுத்தாத்தான்."

டீக்கடையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நஞ்சுண்டன் வேட்டியை மடித்துக்கட்டி, அவிழ்த்து, மறுபடியும் மடித்துக்கட்டினார். ரோட்டில் பொள்ளாச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முட்டையை ஒதுங்கிப் போனது.

"ஒம்போது இருவத்தி மூணு" என்றாள் மயிலாத்தாள், கேட்காமலே.

இழுப்பு மெல்லக் குறைந்தது. ஒரு பெருமூச்சு. கை தானாக மலர்ந்தது. சாவி முட்டைக்கருவில் விழுந்தது. உள்ளங்கையில் அதன் பல் அப்படியே பதிந்திருந்தது. நஞ்சுண்டன் எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நெற்றிக் காயத்துக்குத் தையல் போட வேண்டியிருந்தது. சைக்கிளை டீக்கடையில் விட்டுவிட்டு அவனைக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் சாய்ந்திருந்தான். மயிலாத்தாள் கைக்குட்டையால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறோம்?" என்றான்.

"ஆஸ்பத்திரிக்குங்க. சைக்கிள்ல இருந்து உழுந்துட்டீங்க. இப்ப ஒண்ணுமில்லை" என்றாள் நாச்சியம்மாள்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்குங்க. சைக்கிள்ல இருந்து உழுந்துட்டீங்க. இப்ப ஒண்ணுமில்லை."

அரசாங்க ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஐந்து முறை கேட்டான். ஐந்து முறையும் அதே பதில். பெயர் அப்துல் நாசர் என்பது கடைசியில்தான் அவனுக்கு நினைவு வந்தது. நோன்பு மாதம். பின்னிரவில் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கத் தவறி, அப்படியே பட்டினியாகக் கிளம்பிவிட்டான். சாப்பாட்டோடு மாத்திரையும் விட்டுப்போயிருந்தது.

"நோம்புக்கு மாத்திரையத் தள்ளாதீங்க. டாக்டரைக் கேட்டு நேரத்த மாத்திக்கங்க. தூக்கத்தையும் கெடுக்காதீங்க" என்றாள் நாச்சியம்மாள், பெஞ்சில் உட்காரவைத்து.

"முட்டை எத்தனை தேறுச்சுங்கக்கா?"

"நீங்க தேறிட்டீங்க. அதப் பாருங்க."

அவனுடைய தம்பிக்கு எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் செய்துவிட்டு, தம்பி வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினார்கள். கார் கோயம்புத்தூர் பக்கம் திரும்பியது. மயிலாத்தாள் ரத்தம் பட்ட கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"யாருக்குங்க?" என்றாள்.

நாச்சியம்மாள் திரும்பினாள்.

"அஞ்சு தடவை கேட்டாரு அவரு. அஞ்சு தடவையும் மொதத் தடவை மாதிரியே சொன்னீங்க. எனக்கு மூணாவது தடவையே எரிச்சலாப் போச்சு. அந்தப் பொறுமை பழகினவங்களுக்குத்தான் வரும். உங்க ஊட்டுல யாருக்கு?"

முன்சீட்டில் தம்பிதுரை அவசரமாக முந்திக்கொண்டார். "எங்க தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்த ஒரு ஆளுக்குங்க. அவனப் பாத்துப் பாத்து..."

நல்ல பொய். சட்டென்று வந்ததற்கு நன்றாகவே இருந்தது. தலையை ஆட்டினால் போதும், நேராகப் புடவைக் கடைக்குப் போய்விடலாம். நாச்சியம்மாள் முன்னால் பார்த்தாள். ஸ்டியரிங் கீழே சாவி தொங்கி ஆடியது. பித்தளை வளையத்தில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஆளுக்கில்லீங்க. கோகிலாவுக்குத்தான். பதினேழு வயசுல வந்துச்சு. மாத்திரை போடறா. மூணு வருசமா வரலை. இனி வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நஞ்சுண்டன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"உப்புச்சர்க்கரை மாத்தறதுக்கு மூணு நாள் இருக்கறப்பச் சொல்றீங்களே" என்றார்.

"மாத்துன பொறகு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எங்கள ஏமாத்தப் பாத்தீங்க."

"ஆமாங்க" என்றாள் நாச்சியம்மாள். தம்பிதுரை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னைக்குப் புடவை வேண்டாம். இவங்கள ஊட்டுல உட்டுருங்க" என்றாள் மயிலாத்தாள் கணவனிடம்.

திரும்பி வரும் வழியில் டீக்கடை ஓரத்தில் முட்டைக்கு மேல் மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது.

வாசலில் இறங்கியதும் நாச்சியம்மாள் கதவைச் சாத்தப் போனாள். மயிலாத்தாள் கண்ணாடியை இறக்கினாள்.

"பையன்கிட்டச் சொல்லோணும். கட்டிக்கறவன் அவன், அவன் சொல்றதுதான். வேண்டாம்னா நாளைக்கே போன் பண்ணிப்போடுவேன். இழுத்தடிக்க மாட்டேன்."

"சரிங்க."

"எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்க? நான் வாட்சையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"இடப்பக்கங்க."

மயிலாத்தாள் தலையாட்டினாள். கார் கிளம்பிப் போனது.

கோகிலவாணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அம்மாவின் புடவையில் ரத்தமும் மஞ்சள் கருவும் திட்டுத்திட்டாக இருந்தன. கையில் புடவைக் கடைப் பை இல்லை.

"என்னாச்சும்மா?"

"சொல்லிப்போட்டேன்."

"அவங்க?"

"நாளைக்குச் சொல்வாங்களாம்."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா வேண்டாம். என்ன செய்யறதுன்னு தெரியாத ஊட்டுக்கு நீ போக வேண்டாம்."

நாச்சியம்மாள் பருப்பு டின்னை நகர்த்திப் பின்னால் கைவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். மாத்திரை அட்டைகளை உருவி, கூடத்து அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.